மழைக்கோட்டு ஒழுகாமலே உள்ளே நனைவது ஏன்? கார்த்திகையில் லண்டன், பரிஸ் போகிறவர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

மாரி மழைக்குள் பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்கு மோட்டார் சைக்கிளில் போய் இறங்குகிற ஒருவரைக் கவனியுங்கள். மழைக்கோட்டைக் கழற்றினால் உள்ளே சேட் முதுகோடு ஒட்டிக் கிடக்கும். "கோட்டு ஒழுகுது, வேற ஒண்டு வாங்கவேணும்" என்பார். அந்தக் கோட்டின் கையை முடிந்து, உள்ளே தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டுப் பார்த்தால் பெரும்பாலும் ஒரு சொட்டும் வெளியே வராது. கோட்டு மழையை மறித்துத்தான் இருக்கிறது. அவரை நனைத்தது அவருடைய சொந்த வியர்வை.

இங்கே இதனால் பெரிய பாதிப்பில்லை. வீட்டுக்கு வந்து தலையைத் துவட்டி ஒரு பிளேன்ரீ குடித்தால் சரி. ஆனால் பிள்ளைகளைப் பார்க்கவும், பேரப்பிள்ளை பிறந்த வீட்டுக்கு உதவியாக நிற்கவும், கலியாணத்துக்குமாக ஐப்பசி, கார்த்திகையில் லண்டனுக்கும் பரிசுக்கும் போகிறவர்கள் வன்னியில் இப்போது ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கிடைக்கிற புத்திமதி எப்போதும் மூன்றுதான்: "நல்ல தடிச்ச கோட்டா எடுங்கோ", "வாட்டர் புரூஃப் எண்டு போட்டிருந்தால் காணும்", "லெதர் ஜக்கெற் எண்டால் குளிரே தெரியாது". மூன்றும் அன்பாகச் சொல்லப்படுபவை, மூன்றிலும் பிழை இருக்கிறது. வயதான அம்மா ஒருவர் அந்தப் பிழையோடு எட்டுப் பாகைக் குளிரில் பஸ் தரிப்பிடத்தில் நடுங்கி நிற்கவேண்டி வருவதால், மழையுடுப்பு எப்படி வேலை செய்கிறது என்பதை அடியிலிருந்து விளங்கிக்கொள்வது நல்லது. விளங்கினால் எந்தக் கடையிலும், எந்த விலையிலும் நீங்களே தெரிந்தெடுக்கலாம்.

அங்கே பெய்வது குறைந்த மழை

லண்டன் என்றதும் ஓயாத மழைதான் எங்கள் மனதில் வரும். உண்மையில் லண்டனில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்கிற மழை ஏறக்குறைய 600 மில்லிமீற்றர். உலர் வலயம் என்று பாடப்புத்தகம் சொல்கிற வன்னியில் அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு பெய்கிறது. அதிலும் பெரும்பங்கு ஐப்பசிக்கும் தைக்கும் இடையில் கொட்டித் தீர்ந்துவிடும். 2018 மார்கழியில் இரணைமடுவின் வான்கதவுகள் திறந்து, கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வீடு வாசல்களுக்குள் வெள்ளம் நின்றதைப் பார்த்தவர்களுக்கு லண்டன் மழை ஒரு தூறல்.

அந்தத் தூறலில்தான் சங்கதி இருக்கிறது. அது அடித்து ஓய்ந்துவிடாது. மெல்லிதாகத் தூறும், விடும், திரும்பத் தூறும். சில நாட்களில் காலையில் தொடங்கினால் பின்னேரம் வரை இழுக்கும். ஒதுங்கி நின்று ஓய்ந்த பிறகு போகலாம் என்று பார்த்தால் நாள் போய்விடும். நவம்பரில் லண்டனின் பகல் வெப்பநிலை 10, 11 பாகை செல்சியஸ் அளவில் நிற்கும், இரவில் 5, 6 வரை இறங்கும். பரிசும் கிட்டத்தட்ட அப்படித்தான். கிளிநொச்சியில் மார்கழி அதிகாலையில் போர்வையைத் தேடுகிறோமே, அப்போதுகூடப் பெரும்பாலும் 20 பாகைக்கு மேல்தான். எங்களுடைய கடுங்குளிர் அவர்களுடைய வீட்டுக்குள் ஹீற்றர் போட்ட சூடு.

ரொறன்ரோ இதைவிடக் குளிர், நவம்பரிலேயே பனியும் கொட்டலாம். அந்தக் கணக்கு வேறு. இங்கே சொல்வது பனி விழாத, மழையும் காற்றும் குளிருமாக இருக்கிற நகரங்களைப் பற்றி.

தறப்பாளுக்குள் எங்கிருந்து வந்தது தண்ணீர்?

இடம்பெயர்ந்த காலத்தில் தறப்பாள் கொட்டிலுக்குள் படுத்து எழும்பியவர்களுக்கு ஒரு விசயம் தெரியும். மழையே பெய்யாத பனிக்கால இரவிலும், விடிய எழும்பிப் பார்த்தால் தறப்பாளின் உள்பக்கம் முழுக்க முத்து முத்தாக நீர் நிற்கும். கை பட்டால் பொலபொலவென்று பாயில் விழும். மேலே ஓட்டையும் இல்லை, மழையும் இல்லை.

அந்த நீர் உள்ளே படுத்திருந்த ஐந்தாறு பேரின் மூச்சிலும் வியர்வையிலும் இருந்து வந்தது. நாம் சும்மா படுத்திருந்தாலும் தோல் வழியாக மட்டும் நாளொன்றுக்கு முந்நூறு, நாநூறு மில்லிலீற்றர் நீர் கண்ணுக்குத் தெரியாமல் ஆவியாகப் போகிறது. நடந்தால், சுமை தூக்கினால், ரெயிலைப் பிடிக்க ஓடினால் இன்னும் பல மடங்கு. சூடான காற்று நிறைய நீராவியைத் தாங்கும், குளிர்ந்த காற்று கொஞ்சம்தான் தாங்கும். 30 பாகையில் ஒரு கன மீற்றர் காற்று ஏறக்குறைய 30 கிராம் நீராவியை வைத்திருக்கும். அதே காற்று 10 பாகைக்குக் குளிர்ந்தால் 9 கிராம் சொச்சம்தான் வைத்திருக்க முடியும். மிச்சம் 20 கிராமும் எங்கே போகும்? பக்கத்தில் எது குளிர்ந்திருக்கிறதோ அதன்மேல் நீராகப் படியும். தறப்பாளின் உள்பக்கம் வெளிக்குளிர் பட்டுக் குளிர்ந்திருந்தது, அதில் படிந்தது. ஆவி இப்படி நீராகத் திரும்புவதற்கு ஒடுங்கல் என்று பெயர்.

மோட்டார் சைக்கிள்காரர் போடுகிற பிளாஸ்ரிக் கோட்டு, உடம்பைச் சுற்றிக் கட்டிய ஒரு தறப்பாள். வெளிநீரை ஒரு துளியும் விடாது, உள்ளாவியையும் ஒரு துளியும் விடாது. இங்கே 28 பாகையில் அது புழுக்கம். லண்டனில் கோட்டின் உள்பக்கம் 10 பாகைக்குக் குளிர்ந்து கிடக்கும்போது, அரை மணித்தியாலம் வேகமாக நடந்தால் உள்சட்டை ஈரமாகிவிடும். அந்த ஈரத்தோடு பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் குளிர் ஏறத் தொடங்கும்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான். மழையுடுப்புக்குள் ஒருவர் இரண்டு பக்கத்தால் நனையலாம்: வெளியே மழையால், உள்ளே தன் உடம்பின் ஆவியால். வெளிப்பக்கத்தை மட்டும் பார்த்து வாங்குகிற கோட்டு பாதி வேலைதான் செய்யும்.

ஈரம் ஏன் குளிரைக் கொண்டுவருகிறது?

குளிர் என்று ஒரு பொருள் வெளியிலிருந்து உடம்புக்குள் நுழைவதில்லை. உடம்பின் சூடு வெளியே போவதைத்தான் நாம் குளிர் என்று உணர்கிறோம். அதை மறிப்பது துணிகூட இல்லை, துணிக்குள்ளும் துணிகளுக்கு இடையிலும் அசையாமல் அடைபட்டிருக்கிற காற்று. கம்பளியும், பஞ்சு போன்ற ஃபிளீஸும், வாத்துத் தூவி அடைத்த ஜக்கெற்றும் சூடு தருவது அவற்றுக்குள் காற்று நிறைய அடைபட்டிருப்பதால்.

அந்தக் காற்று இருந்த இடத்தில் நீர் வந்து நிறைந்தால்? நீர், அசையாத காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். அதோடு முடியவில்லை. ஈரத்துணி காய்வதற்கும் சூடு வேண்டும், அந்தச் சூட்டை உங்கள் உடம்பிலிருந்துதான் எடுக்கும். காற்று வீசினால் இரண்டும் இன்னும் வேகமாக நடக்கும். இதனால்தான் 2 பாகையில் வெயில் எறிக்கிற உலர்ந்த காலையைவிட, 9 பாகையில் மழையும் காற்றும் சேர்ந்த பின்னேரம் ஆளை அதிகம் வாட்டுகிறது என்று அங்கே இருப்பவர்கள் சொல்வார்கள். அது மனப்பிரமை இல்லை.

பருத்தி இந்த விசயத்தில் மிகவும் மோசம். எங்களுக்குப் பழகிய, வெயிலுக்கு உகந்த துணி அதுதான்; ஆனால் நீரை நன்றாகக் குடித்து, விடாமல் வைத்துக்கொள்ளும். பருத்தி பெனியன், அதன்மேல் பருத்திச் சேட், கீழே டெனிம் களிசான் என்று நனைந்தால் காய ஒரு நாள் எடுக்கும். கம்பளி நூல் தன் எடையில் 30 வீதம் வரை ஈரத்தை இழுத்துக்கொண்டும் தோலுக்கு நனைந்ததாகத் தெரியாது, நனைந்தாலும் கொஞ்சம் சூடு தரும். பொலியெஸ்ரர் ஃபிளீஸ் நீரைக் குடிப்பதே குறைவு, உதறிப்போட்டால் கெதியாகக் காயும். வாத்துத் தூவி உலர்ந்திருக்கும்வரை அதைப்போலச் சூடு தருவது வேறில்லை. நனைந்தால் ஒட்டிச் சுருண்டு காற்றைப் பிடிக்கும் சக்தியை இழந்துவிடும். புலம்பெயர்ந்த உறவுகள் அன்போடு அனுப்புகிற அந்தப் பொம்மிய ஜக்கெற்றை மழைக்கு வெளியுடுப்பாக நம்பக்கூடாது என்பதற்குக் காரணம் இதுதான். லெதரும் அப்படியே: காற்றை நன்றாக மறிக்கும், தொடர்மழையில் நீரை இழுத்துப் பாரமாகும், காய்ந்தால் விறைக்கும்.

மழையை மறித்து ஆவியை விடுகிற துணி

1823ஆம் ஆண்டு ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தில் சார்ள்ஸ் மக்கின்ரொஷ் என்ற இரசாயனவியலாளர், றப்பரை ஒரு எண்ணெயில் கரைத்து இரண்டு துணிகளுக்கு நடுவே பூசி ஒட்டுகிற முறைக்குக் காப்புரிமை பெற்றார். நீர் புகாத கோட்டு பரவலாக வந்தது அப்படித்தான். இன்றைக்கும் இங்கிலாந்தில் மழைக்கோட்டுக்கு அவருடைய பெயரையே சொல்வார்கள். ஆனால் அதுவும் தறப்பாள் வகைதான். உள்ளாவிக்கு வழியில்லை.

ஆவிக்கு வழிவிட்ட பெரிய மாற்றம் 1969இல் அமெரிக்காவில் வந்தது. ஒட்டாத சட்டிகளில் பூசுகிற ரெஃப்லோன் இருக்கிறதே, அந்த வகைப் பிளாஸ்ரிக்கைச் சூடாக்கி, றொபேர்ட் கோர் என்பவர் மெல்ல இழுக்காமல் ஒரே வெடுக்கில் இழுத்தார். அது அறுந்துபோகாமல் பல மடங்கு நீண்டு, கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான நுண்துளைகள் நிறைந்த மெல்லிய படலமாகியது. கோர்-ரெக்ஸ் என்ற பெயரில் கடைகளுக்கு வந்தது அதுதான். இப்படித் துணியோடு ஒட்டுகிற மெல்லிய படலத்துக்கு மென்சவ்வு என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

அதே துளையால் நீர் வராமல் ஆவி மட்டும் எப்படிப் போகும்? மழைத்துளி என்பது கோடானுகோடி நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஒரு கூட்டம். அந்தப் பிடி இருக்கும்வரை கூட்டம் முழுதாகத்தான் வரும், நுண்துளைக்குள் நுழைய அதற்கு இடம் காணாது. ஆவியில் மூலக்கூறுகள் தனித்தனியாகப் பறக்கின்றன. ஒவ்வொன்றாக நுழைந்து வெளியேறிவிடும். உள்ளே ஈரமும் சூடும் கூட, வெளியே குறைவு என்பதால் ஓட்டம் உள்ளிருந்து வெளியே போகிறது. துளையில்லாத பொலியூரித்தேன் படலங்களும் உண்டு. அவை ஆவியை ஒரு பக்கத்தால் இழுத்து மறுபக்கத்தால் விடும். நகரத்தில் நடக்கிறவருக்கு இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது.

இங்கே ஒரு விசயத்தைக் கவனியுங்கள். உள்ளுக்கும் வெளிக்கும் இடையிலுள்ள வித்தியாசம்தான் ஆவியை வெளியே தள்ளுகிறது என்றால், வெளியேயும் சூடும் ஈரமுமாக இருக்கிற இடத்தில் அந்தத் தள்ளல் குறையும். ஆகவே ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய கோட்டைக் கார்த்திகை மழையில் ஒட்டுசுட்டானில் போட்டுப் பார்த்துவிட்டு, "இதுக்குள்ளயும் வேர்க்குது, ஏமாத்திப் போட்டாங்கள்" என்று முடிவு கட்டக்கூடாது. அந்தக் கோட்டு வேலை செய்யவேண்டிய இடம் இது இல்லை.

தாமரை இலையின் வேலை

மென்சவ்வு துணியின் உள்பக்கம் இருக்கும். மழை முதலில் விழுவது வெளித்துணியில். அந்த வெளித்துணி நீரைக் குடித்தால், உள்ளே நீர் வராவிட்டாலும் ஆவி போகிற வழி அடைபட்டுவிடும், கோட்டும் பாரமாகிக் குளிர்ந்து உடம்போடு ஒட்டும். அதனால் வெளித்துணிக்குத் தனியாக ஒரு பூச்சு போடுகிறார்கள். அது செய்கிற வேலையை வவுனிக்குளத்துத் தாமரை இலையிலும் பார்க்கலாம். இலையின் மேற்பரப்பில் மெழுகு பூசிய மிக நுண்ணிய மேடுகள் இருக்கின்றன. நீர் அந்த மேடுகளின் நுனியில் மட்டும் தொட்டுக்கொண்டு, பரவ இடமில்லாமல் உருண்டையாக நிற்கிறது, சரித்தால் ஓடிவிடுகிறது. ஜேர்மனியத் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லொட் இதை 1990களில் விரிவாக விளக்கினார். கோட்டின் பூச்சில் மேடுகளைவிட நீரோடு ஒட்டாத இரசாயனம்தான் வேலை செய்கிறது. கண்ணுக்குத் தெரிகிற விளைவு ஒன்றுதான். இதை நீர்விலக்கிப் பூச்சு என்போம்.

இந்தப் பூச்சு நிரந்தரமில்லை. எண்ணெய்க் கை, தூசி, தோள்பையின் வார் உரசுவது, சவர்க்காரத் தூள் எச்சம் எல்லாம் அதைக் கெடுக்கும். முன்பு ஃபுளோரின் கலந்த இரசாயனங்களைத்தான் பூசினார்கள். அவை சுற்றாடலில் அழியாமல் சேர்வதால் ஐரோப்பாவில் இப்போது கைவிட்டு வருகிறார்கள். புதிய பூச்சுகள் எண்ணெய்க்குக் கொஞ்சம் பலவீனமானவை. அதனால் கோட்டைச் சுத்தமாக வைத்திருப்பது முன்னரைவிட இப்போது முக்கியம்.

சுருக்கமாக: வெளித்துணியின் பூச்சு நீரை உருட்டி விடுகிறது, உள்ளே இருக்கிற மென்சவ்வு மிஞ்சியதை மறித்து ஆவியை விடுகிறது. இரண்டும் இருந்தால்தான் முழுக்கோட்டு. 'வாட்டர் ரிப்பெலன்ற்' என்று மட்டும் லேபலில் இருந்தால் பூச்சு மட்டும்தான், பத்து நிமிடத் தூறலுக்குச் சரி. 'வாட்டர் ரெசிஸ்ரன்ற்' என்றால் நெருக்கமாக நெய்தது, கொஞ்ச நேரம் தாங்கும். 'வாட்டர் புரூஃப்' என்றால் நீர் புகாது. ஆனால் ஆவியைப் பற்றி அந்தச் சொல் ஒன்றும் சொல்லவில்லை. பிளாஸ்ரிக் கோட்டும் 'வாட்டர் புரூஃப்'தான்.

லேபலில் இருக்கிற இரண்டு எண்கள்

நல்ல கோட்டுகளில் 10,000 / 10,000 என்பது போல இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது மில்லிமீற்றர். துணியின்மேல் ஒரு குழாயை நிறுத்தித் தண்ணீர் நிரப்பிக்கொண்டே போனால் எந்த உயரத்தில் நீர் துணியை ஊடுருவத் தொடங்குகிறது என்ற அளவு. 10,000 என்றால் 10 மீற்றர் உயரத் தண்ணீரின் அழுத்தத்தைத் தாங்கியிருக்கிறது. மழைத்துளிக்கு அவ்வளவு அழுத்தம் இல்லை. ஆனால் தோள்பையின் வார் அழுத்துகிற இடத்திலும், ஈர இருக்கையில் உட்காரும் இடத்திலும் அழுத்தம் கூடும். நகரப் பயணத்துக்கு 10,000 தாராளம். 5,000 மெல்லிய மழைக்குப் போதும். மலையேறுகிறவர்களுக்கான 20,000க்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

இரண்டாவது கிராம். ஒரு சதுர மீற்றர் துணி 24 மணித்தியாலத்தில் எத்தனை கிராம் ஆவியை வெளியே விடும் என்ற அளவு. 10,000 நல்லது. இந்த எண்ணை நிறுவனங்கள் வெவ்வேறு முறைகளில் அளக்கின்றன. ஒரு கம்பனியின் 12,000 இன்னொரு கம்பனியின் 10,000ஐவிடக் கட்டாயம் மேல் என்று நினைக்க வேண்டாம். மழை விட்ட நேரத்தில் முன் சிப்பைத் திறந்துவிடுவது எந்த மென்சவ்வையும்விட அதிக ஆவியை வெளியேற்றும். அக்குளுக்குக் கீழே தனிச் சிப் வைத்த கோட்டு கிடைத்தால் விடாதீர்கள்.

ஒரு தடிச்ச கோட்டுக்குப் பதிலாக மூன்று அடுக்கு

லண்டனில் ஒரு நாள் எப்படிப் போகும் என்று யோசியுங்கள். ஈஸ்ட்ஹாமில் வீட்டுக்குள் 20 பாகை, தெருவில் 8, நிலக்கீழ் ரெயிலுக்குள் சனநெரிசலில் வியர்க்கும், இறங்கினால் திரும்ப 8, கோயிலுக்குள் சூடு. ஒரே தடிச்ச கோட்டோடு போனவருக்கு இரண்டு வழிதான்: போட்டு வியர்ப்பது, அல்லது கழற்றிக் கையில் சுமப்பது. ரெயிலுக்குள் வியர்த்த ஈரத்தோடு தெருவில் இறங்குவதைத்தான் தவிர்க்க வேண்டும்.

அதனால் வேலைகளைப் பிரித்துக் கொடுங்கள். தோலோடு ஒட்டுகிற அடுக்கு வியர்வையை இழுத்து வெளியே தரவேண்டும்: மெல்லிய கம்பளி அல்லது செயற்கை நூல் பெனியன். நடு அடுக்கு காற்றைப் பிடித்துச் சூடு காக்கவேண்டும்: ஃபிளீஸ், கம்பளிச் சுவெற்றர், அல்லது செயற்கைப் பஞ்சு அடைத்த மெல்லிய ஜக்கெற். மேலடுக்கு மழையையும் காற்றையும் மட்டும் மறிக்கவேண்டும், அதில் பஞ்சே தேவையில்லை. நடு அடுக்கு இன்னொரு நன்மையும் செய்கிறது: குளிர்ந்த கோட்டின் உள்பக்கத்தில் கொஞ்சம் ஆவி ஒடுங்கினாலும் அந்த ஈரம் நேரே தோலில் படாது. குளிர் கூடினால் நடுவில் ஒன்றைக் கூட்டலாம், குறைந்தால் கழற்றிப் பையில் போடலாம். மேற்கோட்டை வாங்கும்போது சுவெற்றரைப் போட்டுக்கொண்டு அளவு பாருங்கள். உள்ளே காற்று நிற்க இடமில்லாமல் இறுகினால் மற்ற அடுக்குகளால் பலனில்லை.

கையில் எடுத்துப் பார்க்க வேண்டியவை

கொழும்பிலோ வவுனியாவிலோ கடையில் கோட்டைக் கையில் எடுத்தால் முதலில் உள்பக்கத்தைத் திருப்புங்கள். ஊசி போன ஒவ்வொரு இடமும் ஓட்டைதான். நல்ல மழைக்கோட்டில் தோளிலும் கையிலும் தலைமூடியிலும் தையல் ஓடுகிற இடமெல்லாம், ஒரு விரல் அகலத்தில் வழவழப்பான பட்டி சூடுவைத்து ஒட்டப்பட்டிருக்கும். கிளிநொச்சியில் ஆடைத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிற பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் கூட்டிக்கொண்டு போங்கள், தையலைப் பார்த்த உடனே தரத்தைச் சொல்லிவிடும். பட்டியின் நுனியை நகத்தால் மெல்லச் சுரண்டிப் பாருங்கள். இப்போதே உரிகிறதென்றால் வைத்துவிட்டு வாருங்கள். சிலவற்றில் தோளில் மட்டும் பட்டி இருக்கும், பக்கத் தையலில் இருக்காது. உள்ளே துணி அடித்து மூடியிருந்தால் பட்டி தெரியாது, அப்போது லேபலில் தையல் மூடியது என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

பிறகு வெளிப்பக்கம். விரலை நனைத்துக் கோட்டின் கையில் இரண்டு சொட்டு விட்டுச் சரியுங்கள். உருண்டு ஓடினால் பூச்சு நன்றாக இருக்கிறது. பரவி, துணி கறுத்தால் பூச்சு இல்லை, அல்லது தேய்ந்துவிட்டது. பழைய கோட்டு என்றால் அதை மட்டும் வைத்துத் தள்ளிவிட வேண்டாம், பூச்சைத் திரும்பப் போடலாம். முன்சிப்புக்கு மேலே மூடுகிற மடிப்பு இருக்கவேண்டும். தலைமூடிக்கு நெற்றியில் கொஞ்சம் விறைப்பான விளிம்பு இருந்தால் மழை கண்ணாடியில் வழியாது. தலையைத் திருப்பினால் தலைமூடியும் கூடவே திரும்பவேண்டும். இல்லாவிட்டால் வீதியைக் கடக்கும்போது ஒரு பக்கம் தெரியாது. பரிசில் வாகனங்கள் எங்களுக்கு எதிர்ப்பக்கத்தால் வருவதால் இதை நான் சின்ன விசயமாக நினைக்கவில்லை. நவம்பர் கடைசியில் லண்டனில் பின்னேரம் நான்கு மணிக்கே பொழுது பட்டுவிடும். கறுப்புக் கோட்டைவிட வெளிர்நிறக் கோட்டு சாரதியின் கண்ணுக்குத் தெரியும்.

நீளம் பற்றி ஒரு வார்த்தை. இடுப்போடு நிற்கிற கோட்டில் வழிகிற நீர் முழுவதும் தொடையில் இறங்கும். பின்புறத்தை மூடுகிற அளவு குறைந்தபட்சம் வேண்டும். சேலை உடுக்கிற அம்மாமாருக்கு முழங்காலுக்குக் கீழே வருகிற நீளக் கோட்டும், அடியில் இரண்டு பக்கம் வெட்டும், கொசுவம் மடங்காத அகலமும் தேவை. அப்படி எடுத்தாலும் கரை நனையும். மழைநாளில் சேலையைப் பையில் கொண்டுபோய் மண்டபத்தில் உடுப்பதுதான் நடைமுறை. அங்குள்ள எங்கள் பெண்கள் பலர் அப்படித்தான் செய்கிறார்கள்.

குடை வேண்டும், ஆனால் கோட்டுக்குப் பதிலாக இல்லை. கட்டடங்களுக்கு இடையால் வருகிற காற்று குடையை மடக்கிவிடும். சப்பாத்து நீர் புகாததாக, பிடிப்புள்ள அடியோடு இருக்கட்டும். ஈர இலைகள் கிடக்கிற நடைபாதை நன்றாக வழுக்கும்.

கழுவுவதும் கொண்டுபோவதும்

மழைக்கோட்டைக் கழுவினால் கெட்டுவிடும் என்று அலுமாரியில் ஊத்தையோடு மடித்து வைக்கிற பழக்கம் இருக்கிறது. ஊத்தைதான் பூச்சைக் கெடுக்கிறது. லேபலில் சொன்னபடி, சவர்க்காரத்தைக் குறைவாகப் போட்டுக் கழுவி இரண்டு தரம் அலசுங்கள். துணியை மென்மையாக்கி வாசம் தருகிற திரவத்தை மட்டும் போடவே வேண்டாம். அது நீர்விலக்கிப் பூச்சின்மேல் படிந்து நீரை இழுக்கவைக்கும். லேபல் அனுமதித்தால் உலர்த்தும் இயந்திரத்தில் குறைந்த சூட்டில் காயவிடுங்கள். சோர்ந்த பூச்சு சூட்டில் திரும்ப நிமிரும். அதற்குப் பிறகும் நீர் உருளவில்லை என்றால், விளையாட்டு உடுப்புக் கடைகளில் விற்கிற நீர்விலக்கித் திரவத்தைத் தெளிக்கலாம். அங்குள்ள பிள்ளைகளிடம் சொன்னால் வாங்கி வைப்பார்கள்.

இவ்வளவும் இங்கிருந்தே வாங்கவேண்டுமா என்று கேட்டால், மேற்கோட்டை அங்கே உறவினர் வீட்டில் இரவலாக எடுப்பது பெரும்பாலும் புத்தி. பத்து வருடம் இருப்பவர்கள் வீட்டில் போடாத கோட்டு ஒன்றாவது தொங்கும். முதலே அளவைச் சொல்லிக் கேட்டு வையுங்கள். இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். உள்ளடுக்கையும் சுவெற்றரையும் இங்கிருந்து கொண்டுபோகலாம். இரவலோ சொந்தமோ, விமான நிலையத்து வாசலில் இறங்கும்போதே ஒரு மேற்கோட்டு வேண்டும். கட்டுநாயக்காவில் பெரிய பெட்டிக்குள் போட்டு அனுப்பாமல் கையில் கொண்டுபோங்கள். பெட்டி ஒரு நாள் பிந்தினாலும் கோட்டு உங்களோடு இருக்கும்.